மாசூ அம்மாவும் நாகூர் ஆண்டவரும் ஒரே தெருவுல

சிங்கப்பூர்ல தெலுக் ஆயர் தெருவுக்குப் போனவங்க நம்மாளுங்கள்ல நிறைய பேர் இருப்பீங்க. ஆபீஸ் லஞ்சுக்கோ காபிக்கோ, இல்லன்னா சைனாடவுன்ல இருந்து சும்மா நடந்து வர்ற வழியிலயோ. ரெண்டு பக்கமும் பழைய கடைவீடுங்க, அதுக்குப் பின்னாடி அண்ணாந்து பாக்கற உயரத்துக்கு பேங்க் பில்டிங்குங்க. இந்தத் தெருதான் ஒரு காலத்துல கடற்கரைன்னு சொன்னா நம்பறது கஷ்டம், ஆனா நெஜமாவே அலை வந்து அடிச்ச எடம் இது, 1879க்கு அப்புறம்தான் பக்கத்துல இருந்த குன்றுகள வெட்டி அந்த மண்ணக் கடல்ல கொட்டித் தூர்த்தாங்க, இப்ப ராபின்சன் ரோடு, செசில் ஸ்ட்ரீட்டெல்லாம் இருக்கற நெலம் அப்படி வந்த நெலம். அதுக்கு முன்னாடி கப்பல்ல வந்தவங்க சின்னப் படகுக்கு மாறி வந்து கால் வெச்ச கரை தெலுக் ஆயர்.

அந்தக் கடலப் பாத்தபடி கட்டின கோயில்தான் தியான் ஹோக் கெங். ஹொக்கியன் சீனவங்களோட கோயில், சிங்கப்பூர்ல இருக்கற ரொம்பப் பழைய சீனக் கோயில்கள்ல ஒண்ணு. இதப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை, ஏன்னா இந்தக் கோயில் கதைய நம்மாளுங்க கதைய விட்டுட்டுத் தனியா சொல்லவே முடியாது, ஆனா நம்மள்ல பாதி பேர் வாசல்ல ஒரு போட்டோ எடுத்துட்டு அப்படியே போயிடறோம்.

ஹொக்கியன் மக்கள் வந்தது சீனாவோட தென்கிழக்குல இருக்கற ஃபூஜியன் மாநிலத்துல இருந்து. சுவான்ஜோ, ஜாங்ஜோ, அமாய், இதெல்லாம் அவங்க ஊர்ப் பக்கம். மலை அதிகம், வெவசாய நெலம் கம்மி, ஜனம் அதிகம், அதனால தலைமுறை தலைமுறையா கடலையே நம்பி வாழ்ந்தவங்க. வருஷக் கடைசியில வடகிழக்குப் பருவக்காத்து வீச ஆரம்பிச்சா பாய்மரக் கப்பல் கெளம்பும், தெற்க தென்சீனக் கடல் வழியா வாரக்கணக்குல பயணம், கீழ்த்தளத்துல ஆளுங்கள நெருக்கி அடைச்சிருப்பாங்க, புயல், கொள்ளைக்காரங்க, காய்ச்சல், பேதி, இது எல்லாத்தையும் தாண்டி வந்தாத்தான் கரை. அந்தக் கப்பல்கள்ல ஒரு சின்ன மாசூ சிலை வெச்சிருப்பாங்க. மாசூன்னா கடல்ல போறவங்களக் காப்பாத்தற அம்மா. கரை எறங்கினதும் மொத வேலையா அவங்களுக்கு ஊதுவத்தி ஏத்தி நன்றி சொல்லணும், அதுக்காக 1821, 22 வாக்குல இந்தக் கரையில ஒரு சின்னக் கும்பிடு எடம் போட்டாங்க. பிரிட்டிஷ்காரர் ராஃபிள்ஸ் இங்க வந்து எறங்கினது 1819ல, அதுக்குள்ள ரெண்டு மூணு வருஷத்துலயே சாமிக்கு எடம் புடிச்சுட்டாங்க பாருங்க.

அப்புறம் 1839ல பெரிய கோயில் கட்ட ஆரம்பிச்சு 1842ல முடிச்சாங்க. செலவு முப்பதாயிரம் ஸ்பானிய டாலருக்கு மேல, அந்தக் காலத்துல அது ரொம்பப் பெரிய தொகை. யார் யார் எவ்வளவு குடுத்தாங்கன்னு கல்வெட்டே இருக்கு, நம்ம ஊர்க் கோயில்ல ட்யூப் லைட்டுல உபயம்னு பேர் எழுதற வழக்கத்தப் பாத்து வளந்த எனக்கு அந்தக் கல்லு ரொம்ப நெருக்கமாத் தெரிஞ்சுது. அதுல பெரிய நன்கொடை 'தான் டோக் செங்'ங்கறவரோடது, 3,074 டாலருக்கு மேல குடுத்திருக்கார். ஆமா, நொவீனாவுல இருக்கற தான் டோக் செங் ஆஸ்பத்திரி, அதே ஆளுதான். மலாக்காவுல பொறந்து, 1819லயே இங்க வந்து, காய்கறியும் பழமும் கோழியும் வித்து மேல வந்தவர். கையில காசு வந்ததும் ஒரு பக்கம் கோயில், இன்னொரு பக்கம் ஏழைங்களுக்கு ஆஸ்பத்திரின்னு குடுத்தார், ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நட்டது 1844ல. எனக்கு இந்த மனுஷன் மேல தனி மரியாதை.

கருங்கல்லும் மரமும் சீனாவுல இருந்து வந்துச்சு, தச்சர்களும் சிற்பிகளும் அங்க இருந்தே வந்தாங்க. ஆணி அடிக்காம மரத்த மரத்துக்குள்ள சொருகிக் கட்டின கூரைன்னு சொல்வாங்க. தூண்கள்ல டிராகன் சுத்திச் சுத்தி ஏறுது, கூரை முகட்டுல ரெண்டு டிராகன், உடைச்ச பீங்கான் துண்டுங்களால ஒட்டின பூ வேலை. வாசல்ல கல் சிங்கம் ஜோடியா, ஆண் சிங்கத்துக்குக் காலடியில பந்து, பெண் சிங்கத்துக்குக் குட்டி. வாசப்படி நல்ல உயரம், அதுல கால் வெக்கக் கூடாது, தாண்டித்தான் போகணும். நமக்கும் வீட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னு சொல்லித்தான வளத்தாங்க, அதனால நம்மாளுங்களுக்கு இத யாரும் சொல்லிக்குடுக்க வேண்டியதில்ல.

1840ல மாசூ சிலை சீனாவுல இருந்து வந்து எறங்கினப்ப ஊரே தெரண்டிருக்கு. அந்தக் காலத்து இங்கிலீஷ் பேப்பர்ல அந்த ஊர்வலத்த வர்ணிச்சு எழுதியிருக்காங்க, மூணுல ஒரு பங்கு மைல் நீளத்துக்குப் போச்சாம், அம்மா மஞ்சள் பட்டுப் பல்லக்குல, சுத்தி அதே மஞ்சள்ல சட்டை போட்ட காவலுங்க, அஞ்சு வயசுல இருந்து எட்டு வயசு வரைக்கும் உள்ள பொம்பளப் புள்ளைங்கள அலங்காரம் பண்ணி மேடையில ஒக்கார வெச்சுத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. கூலி வேலைக்கு வந்த ஆம்பளைங்கதான் முக்கால்வாசி இருந்த ஊர் அது, குடும்பம் குழந்தைன்னு பாக்கறதே அபூர்வம், அப்படிப்பட்ட ஊர்ல அந்தப் புள்ளைங்கள அலங்காரத்தோட பாத்தப்ப அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாப்பேன்.

இப்ப மாசூ கதைக்கு வரேன், இதான் எனக்கு முக்கியம்.

ஃபூஜியன் கரைக்குப் பக்கத்துல மெய்ஜோன்னு ஒரு தீவு. அங்க 960ல ஒரு மீனவக் குடும்பத்துல லின் மோன்னு ஒரு பொண்ணு பொறந்தான்னு சொல்வாங்க. பொறந்தப்ப அழவே இல்லையாம், அதனால அமைதியானவள்னு பேரு வெச்சாங்க. கடலுக்குப் போனவங்க திரும்பி வர வழி தெரியணும்னு செவப்பு டிரெஸ் போட்டுக்கிட்டுக் கரையில நிப்பாளாம். ஒரு நாள் வீட்டுல தறியில துணி நெய்ஞ்சுக்கிட்டு இருக்கா. அப்பாவும் அண்ணன்மாரும் கடல்ல, புயல்ல மாட்டிக்கிட்டாங்க. தறியில ஒக்காந்தபடியே அவளுக்கு மயக்கம் மாதிரி வருது, ஒடம்பு இங்க, உயிர் கடல்ல, அவங்கள ஒவ்வொருத்தரா புடிச்சு இழுத்துக்கிட்டு வரா. அம்மா வந்து பாக்கறாங்க, பொண்ணு அசையாமக் கெடக்காளேன்னு பயந்து உலுக்கறாங்க, அம்மா கூப்பிட்டதும் இவ முழிச்சுக்கறா, அந்த நொடியில ஒருத்தர் கைய விட்டுட்டா. அப்பா போயிட்டார்னு சில பேர் சொல்றாங்க, ஒரு அண்ணன்தான் போனார்னு சில பேர் சொல்றாங்க, ஊருக்கு ஊர் மாறும். இருபத்தேழு இருபத்தெட்டு வயசுல, 987ல, கல்யாணம் ஆகாமலே அவ போய்ச் சேந்தா. அதுக்கப்புறம் கடல்ல மாட்டினவங்க கண்ணுக்குச் செவப்பு டிரெஸ்ஸுல தெரிய ஆரம்பிச்சா. ஒண்ணு ஒண்ணா ராஜாக்கள் பட்டம் குடுக்கறாங்க, குப்ளாய் கான் வானத்து இளவரசின்னு ஏத்தறார், பிறகு சிங் வம்சத்துல வானத்து ராணி ஆகறா. ஒரு மீனவப் பொண்ணு. கன்னியாவே செத்துத் தெய்வமானவங்களக் கும்பிடறது நமக்கு ஒண்ணும் புதுசில்ல, எத்தன கிராமத்துல கன்னி தெய்வம் இருக்கு.

அவங்க கூட ரெண்டு காவல்காரங்க உண்டு, ஒருத்தருக்கு ஆயிரம் மைல் பாக்கற கண்ணு, இன்னொருத்தருக்குக் காத்துல வர்ற எந்தச் சத்தத்தையும் கேக்கற காது. மொதல்ல ரெண்டும் பிசாசாம், இவங்ககிட்ட தோத்துட்டு இவங்களுக்கே வேலை செய்ய வந்துட்டாங்களாம்.

இப்ப கோயில விட்டு வெளிய வந்து பக்கத்துல இருக்கற குட்டிப் பூங்காவத் தாண்டினீங்கன்னா என்ன இருக்கு? நாகூர் தர்கா! சூலியா முஸ்லிம்கள், அதாவது சோழமண்டலக் கரையில இருந்து வந்த நம்ம தமிழ் முஸ்லிம்கள், 1828ல இருந்து 1830க்குள்ள கட்டினது. நாகூர்ல அடக்கமாகி இருக்கற ஷாஹுல் ஹமீது ஆண்டவர் நெனவா கட்டினது. அவர் கதை நாகப்பட்டினம் பக்கத்துல எல்லாருக்கும் தெரியும், மதம் பாக்காம சொல்வாங்க. ஆண்டவர் ஒக்காந்து சவரம் பண்ணிக்கிட்டு இருக்கார், எங்கயோ நடுக்கடல்ல ஒரு கப்பல்ல ஓட்டை விழுந்து தண்ணி ஏறுது, கப்பல்ல இருக்கறவங்க அவரக் கூப்பிட்டுக் கதறறாங்க, இவர் நாவிதர்கிட்ட இருந்த கண்ணாடிய வாங்கி விட்டெறியறார், அது போய் அந்த ஓட்டையில ஒட்டிக்கிட்டு அடைச்சிருச்சு, கப்பல் தப்பிச்சுது.

ரெண்டு கதையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒருத்தங்க தறியில, ஒருத்தர் சவரம் பண்ணிக்கிட்டு. ரெண்டு பேரும் வீட்டுல சாதாரணமா ஏதோ செஞ்சுக்கிட்டு இருக்கும்போதே தூரத்துக் கடல்ல ஆளக் காப்பாத்தறாங்க. ஒண்ணப் பாத்து ஒண்ணு வந்த கதை கெடையாது, ஒண்ணு சீனாவுல, இன்னொண்ணு காவிரி டெல்டாவுல. கடலுக்கு ஆள அனுப்பிட்டு வீட்டுல காத்துக்கிட்டு இருந்தவங்க உண்டாக்கின கதைங்கன்னுதான் எனக்குத் தோணுது, போனவன் எங்க இருக்கான் என்ன ஆனான்னு எதுவுமே தெரியாம ஒக்காந்திருக்கறவங்களுக்கு, இங்க இருந்தே ஒரு கை நீண்டு போய் அவனப் புடிக்கும்கற நம்பிக்கையத் தவிர வேற என்ன இருக்க முடியும் சொல்லுங்க. அந்த ரெண்டு கூட்டமும் வேற வேற கடல் தாண்டி வந்து ஒரே கரையில எறங்கி, பக்கத்துல பக்கத்துல நன்றி சொல்லியிருக்காங்க. கோயிலுக்கு இன்னொரு பக்கம் நடந்தா அல் அப்ரார் பள்ளிவாசல், அதுவும் சூலியாக்களோடதுதான், 1827ல ஓலைக் குடிசையா ஆரம்பிச்சதால குச்சுப் பள்ளின்னு பேரு. ஆக மாசூ அம்மாவுக்கு ரெண்டு பக்கமும் தமிழ்க்காரங்க.

ஊர்ல இருந்து சித்தி வந்திருந்தப்ப அவங்கள இங்க கூட்டிட்டுப் போனேன். உள்ள வந்ததும் செருப்பக் கழட்டலாமான்னு தயங்கி நின்னாங்க, "வேண்டாம் சித்தி, இங்க போட்டுக்கிட்டே வரலாம்"னு சொன்னேன். கதையக் கேட்டுட்டு, "ஏண்டா, அம்மாக்காரி உலுக்காம இருந்திருந்தா எல்லாரும் வந்திருப்பாங்கல்ல"ன்னு கேட்டாங்க. அப்புறம் கைகூப்பி நின்னுட்டாங்க. ஊதுவத்தி வாங்கி எப்படி வெக்கணும்னு ஒரு சீனப் பாட்டி கையக் காட்டியே சொல்லிக்குடுத்தாங்க, ரெண்டு பேருக்கும் ஒருத்தர் பாஷை ஒருத்தருக்குத் தெரியாது.

மாசூ நடுவுல இருந்தாலும் மத்த சாமிங்களையும் சொல்லணும், ஒவ்வொண்ணும் ஒரு பயத்துக்கு ஒரு ஆறுதல்.

பாவ்ஷெங் தாதி, வைத்தியத்துக்கு. இவரும் நெஜமா வாழ்ந்த மனுஷன்தான், 979ல அமாய் பக்கத்துல பொறந்த வூ தாவ்ங்கற வைத்தியர், ஏழைங்களுக்குக் காசு வாங்காம மருந்து குடுத்தவர், புலி தொண்டையில சிக்கின எலும்ப எடுத்து விட்டார்னு கதை, அதனால புலி அவருக்கு வாகனம் ஆயிடுச்சு. காலராவும் காய்ச்சலும் கொத்துக் கொத்தா ஆளத் தூக்கிட்டுப் போன காலத்துல கூலிக்காரங்களுக்கு இவர விட்டா யாரு? இவருக்கும் மாசூவுக்கும் ஒரு சண்டை இருக்கறதா ஹொக்கியன் நாட்டுப்புறக் கதை ஒண்ணு உண்டு, எனக்கு ரொம்பப் புடிக்கும். இவர் கல்யாணம் பண்ணிக்கலாம்னு கேட்டாராம், அந்தம்மா மாட்டேன்னுட்டாங்களாம். அந்தக் கோவத்துல மாசூ பொறந்த நாளுக்கு, அதாவது மூணாம் சந்திர மாசம் 23ஆம் நாள், இவர் மழையக் கொட்டி அவங்க மேக்கப்ப அழிப்பாராம். இவர் பொறந்த நாள் அதே மாசம் 15ல வருது, அன்னிக்கு அவங்க காத்த வீசி இவர் தொப்பியப் பறக்க விடுவாங்களாம். அந்த மாசத்துல அங்க காத்தும் மழையும் மாறி மாறி வரும், அதுக்கு ஜனங்க சொன்ன காரணம் இது.

குவான் கோங், செவந்த மொகம், நீளத் தாடி, மூணு ராஜ்ஜியக் காலத்துத் தளபதி குவான் யூ. சொன்ன சொல்லு மாறாதவர்ங்கறதால வியாபாரிங்களுக்கும் கூட்டாளிங்களுக்கும் இவர்தான் சாட்சி. யாரு என்னன்னு தெரியாத ஊர்ல எழுத்து இல்லாம கடன் குடுக்கறதும் வாங்கறதும் நடக்கணும்னா, பொய் சொன்னா இவர் பாத்துக்குவார்ங்கற பயம் தேவைப்பட்டிருக்கு.

காய்ஜாங் ஷெங்வாங்னு ஒருத்தர், டாங் வம்சத்துல ஜாங்ஜோ பகுதிய உருவாக்கின சென் யுவான்குவாங். தான்ங்கற குடும்பப் பேரு உள்ளவங்க இவரத் தங்க குலத்துப் பெரியவராக் கும்பிடுவாங்க. கன்ஃபூஷியஸ் இருக்கார், பரிட்சைக்கு முன்னாடி புள்ளைங்கள இழுத்துக்கிட்டு வர்ற அப்பா அம்மாவப் பாக்கலாம். பின்பக்க மண்டபத்துல குவான் யின், கருணைக்கான போதிசத்துவர். மாசூ தாவோ வழிபாடு, குவான் யின் பௌத்தம், ஆனா கும்பிடறவங்க அந்தக் கணக்கெல்லாம் பாக்கறதில்ல, முன்னாடி கும்பிட்டுட்டு நேரா பின்னாடி போறாங்க.

ஊர்க் காவல் சாமி செங்ஹுவாங்கும் உண்டு. செத்தவங்களோட பாவ புண்ணியக் கணக்கு அவர்கிட்ட, நம்ம சித்திரகுப்தர் மாதிரி. அவரோட ஆளுங்கன்னு ரெண்டு பேரச் சொல்வாங்க, ஒருத்தர் நெட்டை, வெள்ளை, நாக்கு வெளிய தொங்கும், இன்னொருத்தர் குட்டை, கறுப்பு. பாத்தா பயமா இருக்கும், கதை கேட்டா அழுகை வரும். ரெண்டு பேரும் உயிர் நண்பனுங்க. ஒரு நாள் பாலத்தடியில சந்திக்கறதாப் பேச்சு. மழை புடிச்சுக்கிச்சு, நெட்டை கொடை எடுத்துட்டு வரேன்னு வீட்டுக்கு ஓடினான், குட்டை அங்கயே நின்னான். வெள்ளம் ஏறுது, வரேன்னு சொல்லிட்டுப் போனவன் வர்றதுக்குள்ள எடத்த விட்டு நகரக் கூடாதுன்னு நின்னே முங்கிச் செத்தான். திரும்பி வந்த நெட்டை அதப் பாத்துத் தாங்காம தூக்குல தொங்கிட்டான், அதான் அந்த நாக்கு. ஊரு விட்டு ஊரு வந்து, பெத்தவங்க கூடப் பொறந்தவங்க யாரும் இல்லாம கூட வேலை செய்யறவன மட்டும் நம்பி இருந்தவங்களுக்கு இந்த ரெண்டு பேரும் எவ்வளவு பெரிய சாமி.

உள்ள போனா மறக்காம மேல பாருங்க. கூரை உத்தரத்தத் தாங்கற மாதிரி மனுஷ உருவங்கள் செதுக்கியிருக்கு, சீன ஜாடை இல்ல, இந்திய ஜாடை. சூலியா தெருவுல இருந்து வந்த தமிழர்கள் கோயில் கட்டறதுல கை குடுத்தாங்க, அதுக்கு நன்றியா வெச்சதுன்னு இங்க சொல்றாங்க. தெற்கு ஃபூஜியன்ல கூரை மூலையை வெளிநாட்டான் தாங்கற மாதிரி செதுக்கறது பழைய வழக்கமும்கூட, அதையும் சொல்லிடறேன். எப்படி இருந்தாலும் நம்ம மொகம் அந்தக் கூரைக்கு அடியில இருக்கு, எனக்கு அது சந்தோஷம்.

இதுக்கு முன்னாடியே ஒரு கணக்கு இருக்கு. இந்த ஹொக்கியன் மக்களோட சொந்த ஊரான சுவான்ஜோவுல தமிழ் வியாபாரிங்க ஒரு சிவன் கோயில் கட்டியிருந்தாங்க, 1281ஆம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டு அங்க கெடைச்சிருக்கு, கடைசி வரி சீனத்துல இருக்கு. மாசூவுக்கு வானத்து இளவரசிப் பட்டம் குடுத்தார்னு சொன்னேன்ல, அதே குப்ளாய் கான் காலம். அந்தக் கோயிலோட சிற்பங்கள் இன்னும் அந்த ஊர் மியூசியத்துல இருக்கு. அதாவது இவங்க ஊர்க் கரையில நம்மாளுங்க சாமிக்கு எடம் கேட்டு வாங்கிக் கட்டி, ஐந்நூறு வருஷத்துக்கும் மேல கழிச்சு, ரெண்டு பேருக்குமே சொந்தமில்லாத மூணாவது ஊர்ல பக்கத்து வீட்டுக்காரங்களாச் சேந்திருக்கோம்.

கோயில் வெறும் கும்பிடற எடமா மட்டும் இல்ல. ஹொக்கியன் ஹுவே குவான், அதாவது அவங்க சங்கம், இங்க இருந்துதான் நடந்துச்சு. புதுசா வந்தவனுக்கு வேலை, தகராறுக்குப் பஞ்சாயத்து, செத்தா அடக்கம், எல்லாம் இங்கதான். 1915ல பொண்ணுங்களுக்குன்னு ஒரு ஸ்கூல கோயில் வளாகத்துலயே ஆரம்பிச்சாங்க, சோங் ஹோக், அது இன்னிக்கும் சோங்ஃபூங்கற பேர்ல ஈசூன்ல நடக்குது. பொண்ணுக்கு எதுக்குப் படிப்புன்னு கேட்ட காலத்துல இது.

1906ல பெரிய ரிப்பேர் வேலை நடந்துச்சு, அப்ப போட்ட இரும்புக் கதவுங்க ஸ்காட்லாந்து கிளாஸ்கோவுல செஞ்சு வந்ததுங்க, சீன டிராகனுக்கு முன்னாடி பிரிட்டிஷ் இரும்பு, இருந்தாலும் நல்லாத்தான் இருக்கு. 1907ல சீனச் சக்கரவர்த்தி குவாங்சூ தெற்குக் கடல்ல அலை அடங்கட்டும்ங்கற பொருள்ல ஒரு வாசகம் எழுதி அனுப்பினார், அந்தப் பலகைய மாட்டியிருக்காங்க. 1973ல தேசிய நினைவுச்சின்னம் ஆச்சு, அடுத்த வருஷம் நாகூர் தர்காவும் குச்சுப் பள்ளியும். 1998ல இருந்து 2000 வரைக்கும் பழைய முறையிலயே முழுசாப் புதுப்பிச்சாங்க, சீனாவுல இருந்து கைவினைஞர்களக் கூட்டிட்டு வந்து, அதுக்கு 2001ல யுனெஸ்கோவோட ஆசிய பசிபிக் மரபுடைமை விருதுகள்ல பாராட்டு கெடைச்சுது. தர்கா இப்ப இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமா 2011ல இருந்து இருக்கு, உள்ள போய் அந்தக் காலத்துத் தமிழ் முஸ்லிம்கள் வாழ்க்கையப் பாக்கலாம், அதையும் விட்டுடாதீங்க.

போறதா இருந்தா டவுன்டவுன் லைன்ல தெலுக் ஆயர் ஸ்டேஷன்ல எறங்கினா நடக்கற தூரம்தான், உள்ள போகக் காசு கெடையாது. காலையில போங்க, மத்தியானம் ஆபீஸ் கூட்டமும் டூரிஸ்ட் கூட்டமும் சேந்துரும். கோயிலுக்குப் பின்பக்கம் அமாய் ஸ்ட்ரீட் சுவத்துல யிப் யூ சோங்ங்கற ஓவியர் 2017ல ஹொக்கியன் மக்கள் வந்த கதைய நீளமா வரைஞ்சு வெச்சிருக்கார், கப்பல்ல இருந்து இன்னிக்கு வரைக்கும், புள்ளைங்களுக்குக் காட்ட நல்லா இருக்கும். மாசூ பொறந்த நாள் பெரும்பாலும் ஏப்ரல் இல்ல மே மாசத்துல வரும், அன்னிக்குப் போனா அம்மாவ முழு அலங்காரத்தோட பாக்கலாம், கொடை ஒண்ணு கையில எடுத்துட்டுப் போங்க.